களத்துமேட்டில் ஒரு ஜெர்மன் வண்டி

நான் ஓய்வு பெற்ற மறு வருடமே என் வேலையை ஒரு செல்போனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வண்டியைச் சுற்றி வந்து முப்பது போட்டோ எடுத்தால் அதுவே விலை சொல்லிவிடுமாம். எங்கள் பழைய கிளையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "கோதண்டம் சார், உங்க காலத்துல செகண்ட் ஹேண்ட் வண்டிய எப்படி மதிப்பு போட்டீங்கன்னு எழுதுங்களேன், ஆண்டு மலர்ல போடலாம்" என்று கேட்டிருந்தார். கூடவே கும்பிடுகிற கைப் பொம்மை நான்கு. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. சிந்த ஒன்றுமில்லை. அந்தச் செல்போன் என்னைவிட நல்ல மதிப்பீட்டாளர்தான். அது யார் வீட்டிலும் வடை சாப்பிடாது.

வடைக்கு வருவதற்கு முன் படிப்பைச் சொல்லிவிடுகிறேன், அது சின்னதுதான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக். கும்மிடிப்பூண்டியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு லாரி ஷெட்டில் எட்டு வருடம். பிறகு கார் ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் பிரிவு. இரண்டாயிரத்துக்குப் பிறகு சிப்காட்டில் கம்பெனிகள் பெருத்து, சம்பளக்காரர்கள் பெருத்து, எல்லாரும் கார் வாங்க ஆரம்பித்ததும் முதலாளி "பழைய கார் பிரிவு" என்று ஒரு பலகை மாட்டினார். பலகைக்குக் கீழே உட்கார ஆள் வேண்டும் என்று என்னைத் தூக்கிப் போட்டார். அவ்வளவுதான் என் பயிற்சி.

முதல் வருடத்தில் பொன்னேரிப் பக்கம் ஒரு ரைஸ்மில்காரரின் ஜீப்புக்கு "கியர்பாக்ஸ் அருமை, சத்தமே இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். சத்தம் ஏன் இல்லை என்றால், உள்ளே ஆயிலோடு மரத்தூளைக் கலந்து ஊற்றியிருந்தார்கள். வாங்கியவர் பத்து நாளில் கியர்பாக்ஸைக் கழற்றி, ஒரு சாக்கில் போட்டு, என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். அந்த மேஜையில் எண்ணெய்க் கறை கடைசி வரை போகவில்லை.

அதற்கு நேர்மாறாக இன்னொன்று நடந்தது. பழவேற்காட்டிலிருந்து இறால் வியாபாரி பாய் ஒருவர் தன் வேனை விற்க வந்தார். வந்ததும் வராததுமாக, "தம்பி, கிளட்ச் போய்க்கினு இருக்கு, ஒரு தடவ மரத்துல மோதினேன், மூணு வருசமா இறால் ஏத்தி நாறுது, நல்லா பாத்துக்கோங்க" என்றார். இவ்வளவு சொல்கிறவர் எதையோ பெரிதாக மறைக்கிறார் என்று காலையெல்லாம் அந்த வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். ஒன்றுமே இல்லை. மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். ஒரு வாரம் என் சட்டைதான் நாறியது.

இந்த இரண்டையும் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் எங்கள் மேனேஜர் சீனிவாசுலு சார். சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர். எல்லாரையும் "நைனா" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் கிடக்கும். சட்டைப் பையில் பச்சை மை பேனா. நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டில் "சுமார்", "கொஞ்சம்", "ஓரளவு", "பரவாயில்லை" என்ற சொற்களைக் கண்டால் பச்சையில் அடித்துவிட்டுக் கூப்பிடுவார்.

"கதவுல துரு ஓரளவுன்னு எழுதிகீற. ஓரளவுன்னா எத்தினி இன்ச்சு நைனா?"

அளக்கவில்லை என்றால் மறுபடி போய் அளந்து வர வேண்டும். திருத்தணியாக இருந்தாலும் சரி, தடாவாக இருந்தாலும் சரி. பஸ் செலவு நம்முடையது.

அவர் வண்டி பார்க்கிற விதமே தனி. முதல் நாள் போன் செய்து, "நாளைக்குக் காலைல நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்பார். போனதும் முதலில் பானெட்டில் புறங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவார். இன்ஜினைச் சூடேற்றி வைத்தவன் எதையோ மூடப் பார்க்கிறான் என்று அர்த்தம். பிறகு டயரில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்ணைப் படிப்பார், அது எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று சொல்லும். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் வருடத்தையும் படிப்பார். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அது ஏன் உடைந்தது என்று கேட்பார். மட்கார்டு போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் போயிருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். கடைசியாக ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே உட்கார்ந்து, கார்ப்பெட்டின் நான்கு மூலையையும் குதிகாலால் அழுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அவர் தூங்குவது போலத்தான் இருக்கும். இரண்டு வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து சாருக்கு மயக்கமா என்று கேட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் வைத்திருந்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் வரை வண்டி இருக்கும் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமும் பாட்டிலில் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். நம் ஊரில் வந்தவர்களைச் சும்மா அனுப்பினால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. காபியை நீட்டுவார்கள், மோரை நீட்டுவார்கள், கடைசியில் கோபித்துக்கொள்வார்கள். சார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏலக்காயைக் காட்டுவார். எனக்கு அவர் பெரிய கிறுக்கராகத் தெரிந்தார். ஒரு வாய்க் காபிக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சர்வீஸ் பையன்களிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, ஒரு நாள் திருநின்றவூரிலிருந்து பரந்தாமன் என்பவர் ஷோரூமுக்கு வந்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், இரண்டு மனை, ஒரு ஃபிளாட், ஒரே மகன். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் கல்யாணம்.

"பொண்ணு வீட்ல சீரா வண்டி வாங்கியிருக்காங்க சார். பெரிய வண்டிதான், ஆனா செகண்ட் ஹேண்ட். நாளைக்கு நம்ம தலைல கட்டிடக் கூடாது பாருங்க. நீங்க ஒரு பார்வை பாத்து ரிப்போர்ட் குடுத்துடுங்க" என்றார். கட்டணத்தை அவரே கட்டினார்.

சீர்வரிசைப் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற மாமியார்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சீர் வண்டியைத் தட்டிப் பார்க்க ஆள் வைத்த சம்பந்தியை அப்போதுதான் பார்த்தேன். நல்ல வேளை, பெண்ணையும் பரிசோதித்து ரிப்போர்ட் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். திருப்பாச்சூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பெண்ணின் அப்பா ஏகாம்பரம் நெல் விவசாயி. வீட்டுக்குப் பின்னால் களத்துமேடு. அங்கே நெல் குவியலுக்குப் பக்கத்தில், நெல் மூடும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வண்டி நின்றது. ஏகாம்பரம் தார்ப்பாயை இரண்டு கையாலும் சுருட்டி எடுத்தார். தூசி படாமல் எடுத்தார்.

வெள்ளை நிறம். ஜெர்மன் வண்டி. விளம்பரத்தில் இந்த ரகத்தை காம்பாக்ட் லக்ஸுரி கிராஸ்ஓவர் என்பார்கள். காரைவிட உயரம், ஜீப்பைவிடக் குள்ளம், இரண்டையும்விட விலை. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகும், ஆட்டோமேட்டிக் கியர், கூரை முழுக்கக் கண்ணாடி. ஏதோ கம்பெனியில் வேலை பார்த்த வெளிநாட்டு அதிகாரி வைத்திருந்ததாம். அவர் ஊருக்குப் போகும்போது ஒரு புரோக்கரிடம் விற்க, புரோக்கர் ஏகாம்பரத்திடம் விற்றிருக்கிறார். இதற்காக ரோட்டோரம் இருந்த இரண்டு ஏக்கரை ஏகாம்பரம் கொடுத்துவிட்டிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின, பானெட்டில் சந்தனம்.

"கோயில்ல பூஜ போட்டாச்சு சார். எம்பொண்ணு இதுல ஏறிப் போறத ஊரே பாக்கணும்" என்றார்.

வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். பெயின்ட் ஒரே சீராக இருந்தது. நான்கு டயரும் ஒரே வாரத்தில் செய்தவை, ஒரே அளவு தேய்மானம். நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இது முக்கியம். ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் உள்ளே பல்சக்கரம் ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பித்துவிடும். இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. ஆயில் சுத்தம். எனக்கே ஆசை வந்துவிட்டது.

அதற்குள் மணி பன்னிரண்டு. ஏகாம்பரத்தின் மனைவி வாசலில் வந்து நின்று, "இலை போட்டாச்சிங்க" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். இரண்டாவது முறையும் வேண்டாம் என்றேன். "கல்யாண ஊடு சார். எங்க ஊட்ல கை நனைக்க மாட்டீங்களா?" என்று ஏகாம்பரம் கேட்டார், முகம் சுருங்கிவிட்டது. உள்ளேயிருந்து வடை வேகும் வாசனை வேறு. சீனிவாசுலு சார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். உட்கார்ந்துவிட்டேன். உளுந்து வடை, கத்தரிக்காய் சாம்பார், அப்பளம், பால் பாயசம். அந்த அம்மா பாயசத்தை இரண்டாம் முறை ஊற்றும்போது, "எங்க வசந்தி மொத ஷிஃப்டு போயிருக்குது, இருந்தா அதுவே பரிமாறி இருக்கும்" என்றார். பெண் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன். மல்லிகை சென்ட் மூக்கைத் துளைத்தது. சென்ட் அதிகமாக இருந்தாலே எனக்கு உறுத்தும். டிரைவர் சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, அதனால் கழுவுகிறவர்களும் அங்கே கழுவுவதில்லை. பெல்ட்டின் கடைசி முழத்தில் காய்ந்த சேற்றுக்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. சீட் தண்டவாளத்துக்கு அடியில் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. வண்டி சீட் உயரத்துக்கு வெள்ளத்தில் நின்றிருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளுக்கு மூளை முழுக்க கார்ப்பெட்டுக்கு அடியில்தான். தண்ணீர் புகுந்தால் உடனே சாகாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் நடு ரோட்டில் எல்லா விளக்கும் எரிந்து அப்படியே நின்றுவிடும். மோதினால் காற்றுப்பை விரியுமா என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது.

"இன்னா சார், பெல்ட்டு நல்லா கீதா?" என்று ஏகாம்பரம் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டார்.

"இருக்குதுய்யா" என்றேன். பெல்ட்டை விட்டேன். அது தானே சுருட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

ஷோரூமுக்கு வந்து ரிப்போர்ட் எழுதினேன். "உட்பகுதியில் ஓரளவு ஈரப்பதத்தின் அறிகுறி. துரு ஓரளவு. மின் இணைப்புகள் ஓரளவு கவனிக்கத்தக்கவை." இப்படி எழுதினால் பரந்தாமனுக்கு ஒன்றும் புரியாது, கல்யாணம் நடந்துவிடும், நானும் பொய் சொன்னவன் ஆகமாட்டேன். ரொம்பத் திறமையாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு சார் மேஜையில் வைத்தேன்.

படித்தார். பச்சைப் பேனாவை எடுக்கவே இல்லை.

"இன்னா சாப்ட நைனா?"

"சார்?"

"மூணு ஓரளவு போட்டுகீற. ஒன்னு வடை. ஒன்னு பாயசம். இன்னொன்னு இன்னா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பளம் சார்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "வண்டில தண்ணி பூந்துக்குதா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிலம் விற்றதை, பத்திரிகை அடித்ததை, அந்த அம்மா இரண்டாம் முறை பாயசம் ஊற்றியதை. உண்மையை எழுதினால் கல்யாணம் நின்றுவிடும் சார் என்றேன். "எழுதலைன்னா அந்தப் பொண்ணு அதுல ஏறிப் போவும்" என்றார். எனக்கு அது அதுவரை தோன்றவேயில்லை, சத்தியமாக. வண்டியை யார் வாங்கினார்கள், யார் கேட்டார்கள் என்றுதான் நினைத்தேனே தவிர, யார் உட்காரப் போகிறார்கள் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரும் நானும் போனோம். பரந்தாமனும் மகனும் பதினொரு மணிக்கு அங்கே வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, வண்டியை ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

சார் சாக்ஸைக் கழற்றியபோது ஒரு பெண் வீட்டிலிருந்து வந்து களத்தில் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சார் குதிகாலால் அழுத்திக்கொண்டே வந்து டிரைவர் சீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். "கோதண்டம், இங்க தூக்கு" என்றார். கார்ப்பெட்டின் ஓரத்தை நெம்பித் தூக்கினேன். அடியில் பஞ்சு அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. அதற்கும் அடியில், ஒயர்கள் கூடுகிற பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நத்தை ஓடு.

சார் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏகாம்பரத்திடம் காட்டினார்.

"ஐயா, நத்தைக்கு டிரைவிங் தெரியாது. தண்ணிலதான் வந்துக்குது. இந்த வண்டி வெள்ளத்துல முங்கின வண்டி. உங்கள ஏமாத்திட்டாங்க."

ஏகாம்பரம் அந்த நத்தையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு நெல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஓடுது சார்… நல்லாதானே ஓடுது…" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க அன்னிக்கி நல்லா கீதுன்னீங்களே. அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார். கல்யாணம் முடியட்டும். அப்பறம் நா பாத்துக்கறேன்."

என் வயிற்றில் அந்தப் பாயசம் இன்னும் இருப்பது போல இருந்தது. நான் சாரைப் பார்த்தேன். சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"எழுதக் கூடாது சார்" என்றாள் வசந்தி. "முட்டினா பலூன் வருமா இந்த வண்டில?"

"சொல்ல முடியாதும்மா" என்றார் சார்.

"நா ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன்லதான் சார் கீறேன். ஒரு நாளைக்கி ஆயிரம் பீஸு கைல வரும். அளவு பாக்கற கேஜுல வெச்சிப் பாக்கணும். உள்ள போனா ஓகே, போவலன்னா ரிஜெக்ட்டு. போற மாரி கீது, போவாத மாரி கீதுன்னு எழுதினா சூப்பர்வைசர் தொலச்சிடுவாரு. நீங்க இன்னா பாத்தீங்களோ அதையே எழுதுங்க."

"வசந்தி, பத்திரிகை குடுத்தாச்சிடி" என்று அம்மா வாசலிலிருந்து அழுதார்.

"வண்டிதாம்மா கெட்டுப்போச்சி. நா இன்னா கெட்டா போயிட்டேன்?" என்றாள். சார் பானெட்டின் மேல் காகிதத்தை விரித்து, புது ரிப்போர்ட்டை அவரே எழுதினார். நான் பெல்ட்டை இழுத்துப் பிடித்து, சேற்றுக்கோடு பெல்ட்டின் அடிநுனியிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து சொன்னேன். போட்டோ எடுத்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பதினொன்றுக்குச் சரியாக வாடகைக் கார் வந்தது. பரந்தாமன் இறங்கினார், பின்னால் மகன். மாப்பிள்ளைப் பையன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான், செல்போனை மட்டும் கீழே வைக்கவில்லை. பரந்தாமன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயர் டயராக ஷூ முனையால் எட்டி உதைத்தார். டயரை உதைப்பதால் எதுவும் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஆண்கள் எல்லாரும் உதைத்திருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு உதைக்கும் ஏகாம்பரத்தின் தோள் ஒரு முறை குலுங்கியதைப் பார்த்தேன்.

சார் ரிப்போர்ட்டை நீட்டினார். பரந்தாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். அதில் புரியாமல் போக ஒரு சொல்கூட இல்லை.

"சரி, ஆனது ஆச்சு" என்றார். ரொம்ப நிதானமாக, பெரிய மனசு பண்ணுகிற தோரணையில். "சம்பந்தி, ஒன்னும் கவலைப்படாதீங்க. கல்யாணத்த நாங்க நிறுத்த மாட்டோம். இத தூக்கிப் போட்டுட்டு இதே மாடல்ல புதுசா புக் பண்ணிடுங்க. வண்டி கல்யாணத்துக்கு அப்புறம் வந்தாலும் பரவாயில்ல. ரோட்டோரமா இன்னும் நிலம் இருக்குது இல்ல?"

ஏகாம்பரம் எழுந்து நின்று கையைக் கூப்பினார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும்.

வசந்தி குறுக்கே வந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அவன் செல்போனிலிருந்து தலையை எடுத்தான். உண்மையாகவே யோசித்தான், அதைச் சொல்ல வேண்டும்.

"புதுசு எடுக்கறதுன்னா, பிளாக் கலர் சொல்லிடுங்க" என்றான்.

களத்தில் ஒரு கோழி மட்டும் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. வசந்தி அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ரிஜெக்ட்டு."

"வண்டியத்தானேம்மா சொல்ற?"

"ரெண்டையும்."

பிறகு கொஞ்ச நேரம் பெரிய சத்தம். பரந்தாமன் மரியாதை பற்றியும் வளர்ப்பு பற்றியும் பேசினார், ஊர்க்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள், வாடகைக் கார் திரும்பிப் போனது. அவர் போகும்போது ரிப்போர்ட்டைக் கீழே போட்டுவிட்டுப் போனார். அதை நான் எடுத்து ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். பின்னால் அந்தக் காகிதத்தையும் போட்டோக்களையும் வைத்துக்கொண்டுதான் சொந்தக்காரர்கள் புரோக்கர் வாசலில் போய் உட்கார்ந்து, வண்டியை அவன் தலையிலேயே திருப்பிக் கட்டினார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த மனிதர் ஒரு சிறு குழந்தை மாதிரி அழுதார். வசந்தி அவர் பக்கத்தில் நெல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளும் அழுதாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாங்கள் கிளம்ப வேண்டியதுதான். சார் கிளம்பவில்லை. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனார்.

"தல்லி, கையெழுத்து ஆயிடுச்சி. இப்ப சாப்புடலாம். சோறு கீதா?"

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "கல்யாணம் நின்ன ஊட்ல யாரு சாமி சாப்புடுவாங்க?" என்றார்.

"நா சாப்புடுவேன்" என்றார் சார்.

எல்லாரும் சாப்பிட்டோம். வடை இல்லை. சுடுசோறு, மோர், மாங்காய் ஊறுகாய். பன்னிரண்டு வருடம் அவரோடு வேலை செய்தேன், அவர் வெளியில் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு வேளைதான். ஏகாம்பரமும் இரண்டு வாய் சாப்பிட்டார். சாருக்கு அவரே மோர் ஊற்றினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாடகம் போடுகிற மாதிரி என் மனைவி லோகாவுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நத்தைக்குச் சிரித்தாள். பிளாக் கலருக்கு, "அடப்பாவி" என்றாள். நான் எழுந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பரந்தாமன் மாதிரி கூடத்து நாற்காலியைச் சுற்றி வந்து காலை உதைத்துக் காட்டினேன். "டயர உதைக்கிறானாம் டயர. எவன் இவனுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தான்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்களுந்தான் ஒதச்சீங்க" என்றாள்.

"நானா? எப்ப?"

"நம்ம கல்யாணத்துக்கு மொத வாரம். எங்கப்பா உங்களுக்குன்னு பழைய ஸ்கூட்டர் ஒன்னு வாங்கி நிறுத்தி வெச்சாரே, வந்து பாத்தீங்களே. சுத்திச் சுத்தி வந்துட்டு பின்னாடி டயர ஒதச்சீங்க. 'இது நாளைக்கே போயிடும்'னீங்க. 'மாத்திக் குடுத்துடறேன் மாப்ள'ன்னு அப்பா உங்க கைய புடிச்சாரு. நா ஜன்னல்ல நின்னுகினு பாத்துகினுதான் இருந்தேன்."

அவள் குரலில் சண்டை இல்லை. அவரைக்காயின் நாரை உரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருபத்து மூன்று வருடம் கழித்துச் சொல்கிறாள்.

"அப்ப ஏன் என்னைக் கட்டிக்கினே?" என்று கேட்டேன். சிரிப்பாக முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

"என்னை யாரு கேட்டாங்க?" என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவள் அப்பா போய் அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஸ்கூட்டரை நானே நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்றும்விட்டேன். அவள் சொல்லச் சொல்ல எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் வாசல், பந்தலுக்குக் குழி தோண்டிய இடம், துடைத்துத் துடைத்துப் பளபளத்த அந்த நீல ஸ்கூட்டர், என் புதுச் செருப்பு. அந்தப் பின்சக்கர டயரும் நினைவுக்கு வந்தது. லாரி ஷெட்டில் வேலை பார்த்தவன் நான், டயர் தெரியாதவன் இல்லை.

அது நல்ல டயர்.